பினாங்கில் நாய் காணாமல் போனால் முதல் நாளில் என்ன செய்வது?

சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவு. தீ கோங் என்ற விண்ணுலகப் பேரரசர் வழிபாட்டுக்காக ஹொக்கியன் சீனர்கள் கரும்பு கட்டி, பட்டாசு கொளுத்தும் நேரம். அந்தச் சத்தத்தில் எங்கள் நாய் கறுப்பன் கேட்டைத் தாண்டி ஓடிவிட்டான். மறுநாள் மதியம், இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு காவலாளியிடம் கிடைத்தான். "கழுத்தில் லைசென்ஸ் வில்லை தொங்கியது, யாரோ வளர்க்கிற நாய்தான் என்று கட்டி வைத்தேன்" என்றார். வில்லை இல்லாமல் தெருவில் திரிகிற நாயை மாநகர் மன்றம் பிடித்துக்கொண்டு போகலாம்.

முதலில், விடியும் முன்பே தேடுங்கள். பயந்த நாய் பெரும்பாலும் வெகுதூரம் போகாது. கார்களுக்கு அடியிலும் லோங்காங் (சாக்கடை) ஓரத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். விரட்டாதீர்கள்; உட்கார்ந்து மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) இரவு வேலை செய்பவர்களிடமும் கேளுங்கள், நாம் தூங்கும் நேரத்தில் தெருவைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

அடுத்து, மன்றத்துக்கு அழையுங்கள். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். தீவில் இருந்தால் பினாங்குத் தீவு மாநகர் மன்றம். பட்டர்வொர்த், பிறை பக்கம் என்றால் செபராங் பிறை மாநகர் மன்றம். இரண்டும் தனித்தனி. வில்லை எண், நிறம், பாலினம், கடைசியாகப் பார்த்த தெரு எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

ஆனால் போனோடு நிறுத்திவிடாதீர்கள், மன்றம் பிடித்த நாய்களை வைத்திருக்கும் இடத்துக்கு நேரில் போங்கள். 'கறுப்பு, நடுத்தர உயரம்' என்றால் அங்கே இருக்கிற நாய்களில் எத்தனையோ அப்படித்தான் இருக்கும். நம் பிள்ளையின் இடது காதில் உள்ள வெட்டு நமக்குத்தான் தெரியும். அடையாள அட்டை, லைசென்ஸ் ரசீது, தடுப்பூசி அட்டை, தெளிவான படம் கையில் இருக்கட்டும். பிடித்த நாயை அதிக நாள் வைத்திருக்க மாட்டார்கள், கருணைக்கொலையும் நடக்கும். அதனால் தினமும் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

அப்புறம், ஜெலுத்தோங்கில் உள்ள விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான எஸ்.பி.சி.ஏ.வுக்கும் அருகிலுள்ள கால்நடை மருத்துவர்களுக்கும் படம் அனுப்புங்கள். தோலுக்கடியில் அடையாள மைக்ரோசிப் போட்டிருந்தால், அதில் பதிந்த போன் எண் இப்போதும் உங்களுடையதுதானா என்று பாருங்கள்.

தேடும்போது வேறொரு நாய் உறுமினால், சரி, அங்கிருந்து மெல்லப் பின்வாங்குங்கள். கடிக்கிற நாயை நீங்களே பிடிக்க வேண்டாம், மன்றத்திடம் இடத்தைச் சொன்னால் போதும். கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே கிளினிக்குக்குப் போங்கள். 2015-இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மூன்றிலும் வெறிநாய்க்கடி பரவியது நினைவிருக்கும். அப்போது பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு வந்து பெரிய சர்ச்சையானது. வளர்ப்பு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள் என்று நான் எல்லோரையும் நச்சரிப்பது அதனால்தான்.

நாய் வீடு திரும்பியதும் கால் பாதங்களைப் பாருங்கள், கண்ணாடித் துண்டு குத்தியிருக்கலாம். கழுத்துப் பட்டையையும் சரிபாருங்கள். இரண்டு விரல் நுழையும் அளவு இடைவெளி போதும். அதைவிடத் தளர்வாக இருந்தால், பயத்தில் தலையை உருவிக்கொண்டு ஓடும்போது வில்லையும் பட்டையோடு கீழே விழுந்துவிடும்.