வோர்ஸ்தன்ப்ரோட்யே பண்றப்போ தயவுசெஞ்சு இதெல்லாம் பண்ணாதீங்க

நெதர்லாந்தோட தெற்குப் பகுதியில நோர்ட் பிராபன்ட்னு ஒரு மாகாணம் இருக்கு. அங்க கிறிஸ்துமஸ் நடுராத்திரிப் பூசை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் சுடச்சுட சாப்பிடுறது வோர்ஸ்தன்ப்ரோட்யேங்கற இந்தக் கறி வச்ச பன்னைத்தான், கார்னிவல் சமயத்துலயும் இது இல்லாம இருக்காது, 2016ல நாட்டோட பாரம்பரியப் பட்டியல்லயே சேத்துட்டாங்க. அதைப் போய் கடையில வாங்கின பஃப் பேஸ்ட்ரி ஷீட்டுல சுருட்டி அதே பேர்ல போட்டோ போடுறாங்க பாருங்க, மனசே கேக்க மாட்டேங்குது. அடுக்கடுக்கா உதிர்றது சோசைசன்ப்ரோட்யே, அது வேற பண்டம். இதுக்கு மைதா, ஈஸ்ட், பால், வெண்ணெய் போட்டுப் பிசைஞ்ச மெத்துனு இருக்கற ப்ரெட் மாவுதான் வேணும்.

நிறைய பேருக்கு சொதப்புற இடம் எதுன்னா, வெட்டிப் பாத்தா கறி ஒரு பக்கம் சுருங்கிக் கிடக்கும், மேல பெரிய பொந்தா இருக்கும். கறி வேகும்போது சுருங்கத்தான் செய்யும், ஆனா கைமாவை லூசா உருட்டி வச்சா, இல்ல சுத்தும்போது நடுவுல காத்து மாட்டிக்கிட்டா பொந்து இன்னும் பெருசாகும். அதனால கைமாவுல முட்டையும் ரஸ்க் தூளும் சேத்து நல்லா பிசைஞ்சு, விரல் தடிமனுக்கு இறுக்கி நீளமா உருட்டி ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க, ஜில்லுனு இருந்தாத்தான் மாவை ஒட்டி இழுத்து சுத்த முடியும். ரெண்டு முனையையும் மடிச்சு மூடி, ஒட்டின பக்கம் கீழ வர்ற மாதிரி தட்டுல வைங்க, இல்லேன்னா அவன்ல வாயைப் பொளந்துரும்.

கைமாவை முன்னாடியே வதக்கி வைக்காதீங்க ப்ளீஸ், பச்சையா வச்சாத்தான் அந்தச் சாறு ப்ரெட்டுக்குள்ள இறங்கும், ருசியே அதுலதான் இருக்கு. மசாலாவும் அப்படித்தான், மாடும் பன்றியும் கலந்த கறிக்கு உப்பு, மிளகு, கொஞ்சம் ஜாதிக்காய் போதும், இஞ்சி பூண்டு கரம் மசாலான்னு கொட்டினா நல்லாத்தான் இருக்கும், ஆனா பிராபன்ட் ருசி வராது.

200 டிகிரில 15-20 நிமிஷம், ஆனா மேல செவந்துருச்சுன்னு உடனே எடுத்துராதீங்க, உள்ள இருக்கறது பச்சைக் கைமா, நடுவுல 71 டிகிரி வந்திருக்கணும். மிச்சத்தை ஃப்ரீசர்ல வைக்கலாம். திரும்ப சூடு பண்ண மைக்ரோவேவ் வேண்டாம், ப்ரெட் ரப்பராயிடும், அவன்லயே வைங்க.