எட்டுப் பேர் தக்காளி சாப்பிட்டிருந்தால் தக்காளிதான் காரணமா? உணவுவழி நோய்ப்பரவலைத் துப்புத் துலக்கும் கணக்கு

பத்துப் பேருக்கு சால்மொனெல்லா என்ற, உணவு வழியாகப் பரவும் பாக்டீரியாவின் தொற்று. மரபணுச் சோதனையில் எல்லோருக்கும் வந்தது ஒரே ரகக் கிருமி என்று தெரிந்துவிட்டது. ஆனால் இவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஊரும் வேறு வேறு, ஒரே விருந்தில் சாப்பிட்டவர்களும் இல்லை. விசாரித்தால் எட்டுப் பேர் தக்காளி சாப்பிட்டிருக்கிறார்கள், எட்டுப் பேர் தர்பூசணி சாப்பிட்டிருக்கிறார்கள், மூன்று பேர் முளைகட்டிய பயறு சாப்பிட்டிருக்கிறார்கள். யாரைக் கேட்டாலும் முதல் இரண்டைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் நோய் வராத பொதுமக்களில் வழக்கமாக எத்தனை சதவீதம் பேர் அந்தந்த உணவைச் சாப்பிடுகிறார்கள் என்று தெரியாதவரை "எட்டுப் பேர்" என்ற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. அந்தச் சதவீதத்தை எங்கே எடுப்பது, எடுத்து என்ன செய்வது என்று பார்ப்போம். பள்ளிக்கூட நிகழ்தகவு போதும்.

படி 1: யாரைக் கணக்கில் சேர்ப்பது

அதே ரகக் கிருமி உறுதியானவர்களை மட்டும் எடுங்கள். வீட்டில் ஒருவருக்கு வந்து, அவரைக் கவனித்துக்கொண்டவருக்கு நாலு நாள் கழித்து வந்திருந்தால் அந்த இரண்டாமவரை விட்டுவிடுங்கள். அவருக்கு வந்தது உணவிலிருந்து இல்லை, மனிதரிடமிருந்து.

படி 2: கேள்விகள்

சால்மொனெல்லா என்றால் கிருமி உள்ளே போன ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாளுக்குள் பெரும்பாலும் நோய் தெரிந்துவிடும். அதனால் நோய் தொடங்கியதற்கு முந்தைய 7 நாட்களில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறோம். உணவுப் பட்டியல் நீளமாக இருக்கட்டும், நூறு உணவுக்கு மேல் போனாலும் பரவாயில்லை. ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள்: ஆம், இல்லை, சாப்பிட்டிருக்கலாம், நினைவில்லை. நாம் விசாரிக்கும் நாளுக்குள் இரண்டு வாரம்கூட ஆகியிருக்கலாம்; அவ்வளவு முன்னால் சாப்பிட்டதைப் பலராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, "சாப்பிட்டிருக்கலாம்" என்ற கட்டம் அதற்குத்தான். "நினைவில்லை" என்றவர்களை அந்த உணவுக்கான மொத்தத்திலிருந்து கழித்துவிடுங்கள்.

படி 3: வழக்கமான சதவீதம்

இதற்கென்றே சில நாடுகள் பெரிய கணக்கெடுப்புகளை நடத்தியிருக்கின்றன. அமெரிக்காவின் ஃபுட்நெட் கணக்கெடுப்பு 1996 முதல் சில முறை நடந்திருக்கிறது, 2018-19இலும் நடந்தது. கனடாவில் 2014-15இல் ஃபுட்புக் என்ற பெயரில் எடுத்தார்கள். கடந்த 7 நாட்களில் இந்த உணவைச் சாப்பிட்டீர்களா என்று சாதாரண மக்களிடம் கேட்டு எடுத்த எண்கள் இவை.

எடுக்கும்போது உங்கள் கேள்வியும் அவர்கள் கேள்வியும் ஒன்றுதானா என்று பாருங்கள். நீங்கள் "சமைக்காத தக்காளித் துண்டு" என்று கேட்டு, அவர்கள் "தக்காளி" என்று மட்டும் கேட்டிருந்தால் ஒப்பிடவே முடியாது. வயது, பகுதி, மாதம் எல்லாம் முடிந்தவரை பொருந்த வேண்டும். உணவு வழியாகவே வரும் இன்னொரு பாக்டீரியாவான லிஸ்டீரியாவுக்கு இந்த வழி சரிப்படாது, ஏனென்றால் அது 70 நாள் வரைகூட பதுங்கியிருந்து வரும்; ஒரு வாரச் சதவீதம் அங்கே பயன்படாது. அதற்கு வேறு ரக லிஸ்டீரியா வந்த நோயாளிகளோடு ஒப்பிடுவார்கள்.

படி 4: கணக்கு

பயிற்சிக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: வழக்கமாக ஒரு வாரத்தில் தக்காளி சாப்பிடுகிறவர்கள் 70%, தர்பூசணி 20%, முளைகட்டிய பயறு 4%. இப்போது நாம் கேட்பது இதுதான்: எந்தக் காரணமும் இல்லாமல், தற்செயலாகவே, பத்தில் எட்டுப் பேரோ அதற்கு மேலோ இதைச் சாப்பிட்டிருக்க என்ன வாய்ப்பு? ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள் உள்ளவற்றின் வாய்ப்பைக் கணக்கிடும் ஈருறுப்புப் பரவல் (binomial distribution) இதற்கு விடை சொல்லும்.

எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ பைனாம் டிஸ்ட் (BINOM.DIST) என்ற ஃபங்ஷன் இருக்கிறது. தர்பூசணிக்கு என்றால் அதற்குள் வரிசையாக 7, 10, 0.2, ட்ரூ (TRUE) என்று கொடுங்கள். 8 இல்லை, 7. அது "ஏழு பேர் வரை" என்பதன் வாய்ப்பைத் தரும், அதை 1இலிருந்து கழித்தால்தான் "எட்டும் அதற்கு மேலும்" கிடைக்கும். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

விடைகளைப் பாருங்கள். தக்காளிக்கு 0.38. அதாவது எந்தப் பத்துப் பேரைப் பிடித்துக் கேட்டாலும் மூன்றில் ஒரு தடவைக்கு மேல் இப்படித்தான் வரும், இதில் செய்தியே இல்லை. அதே எட்டுப் பேர், தர்பூசணிக்கு 0.00008. முளைகட்டிய பயறுக்கு, வெறும் மூன்று பேர்தான், ஆனாலும் 0.006! பத்தில் ஏழு பேர் சாப்பிடவே இல்லை என்று சொல்லும் உணவு, எட்டுப் பேர் சாப்பிட்ட தக்காளியைவிடப் பல மடங்கு சந்தேகத்துக்குரியதாக நிற்கிறது.

"சாப்பிட்டிருக்கலாம்" பதில்களை ஒருமுறை சேர்த்தும் ஒருமுறை விட்டும் போட்டுப் பாருங்கள்.

படி 5: வந்த எண்ணை நம்புமுன்

தர்பூசணியின் 20% ஆண்டு முழுவதற்குமான சராசரி என்று வையுங்கள். நோய் பரவியதோ கோடையில். அந்த மாதம் மட்டும் பாதிப்பேர் சாப்பிடுவார்கள் என்றால் 0.2க்குப் பதில் 0.5 போட வேண்டும். விடை 0.055 ஆகிவிடும். பட்டியலில் முதலில் நின்ற தர்பூசணி பின்னால் போய்விடும். இந்த ஒரு சரிபார்ப்பை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள், தவறான உணவின் பெயரைச் சொல்லிவிட்டால் அதை விளைவித்தவர்களின் பிழைப்பு போகிறது, உண்மையான உணவு கடையிலேயே இருக்கிறது.

இன்னொன்று: நூறு உணவுகளைச் சோதித்தால், 0.05 என்ற எல்லைக்குக் கீழே சராசரியாக ஐந்து வரை சும்மாவே வந்து விழலாம். அதனால் இந்தப் பட்டியலை அடுத்து விசாரிக்க வேண்டியவற்றின் வரிசை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மறைந்திருக்கும் உணவுகள். 2011இல் ஜெர்மனியில் 3,800 பேருக்கு மேல் ஈ. கோலை என்ற பாக்டீரியா தொற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது முதலில் வெள்ளரிக்காயைச் சொன்னார்கள். காரணம் முளைகட்டிய வெந்தயம். ஆரம்ப ஆய்வில் நோயாளிகளில் கால்வாசிப் பேர்தான் முளைகட்டியது சாப்பிட்டதாகச் சொன்னார்கள். சாலட் மேல் தூவியிருந்ததை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? கடைசியில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட குழுக்களின் ஆர்டர்களை எடுத்து, எந்தத் தட்டில் என்னென்ன போட்டோம் என்று சமையல்காரரிடமே கேட்டு, அப்படித்தான் பிடித்தார்கள்.

படி 6: அடுத்தது

மேலே வந்த மூன்று நான்கு உணவுகளுக்காக நோயாளிகளிடம் மறுபடி பேசுங்கள்: எந்தக் கடை, எந்த பிராண்ட், பில் இருக்கிறதா. அங்கிருந்து பின்னோக்கிப் போய் எல்லா வழிகளும் ஒரே பண்ணையிலோ ஆலையிலோ சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 2008இல் அமெரிக்காவில் 1,400 பேருக்கு மேல் பாதித்த சால்மொனெல்லா பரவலில் முதலில் சமைக்காத தக்காளியைத்தான் சந்தேகித்தார்கள், தக்காளி வேண்டாம் என்று அறிவிப்பும் வந்தது. ஆனால் தக்காளியின் வழிகள் ஒரே இடத்தில் சேரவில்லை. ஒரே உணவகத்தில் சாப்பிட்டுப் படுத்தவர்களின் தட்டுகளைப் பொருள் பொருளாகப் பிரித்துப் பார்த்தபோது ஹாலப்பேன்யோ மிளகாய் மேலே வந்தது. தக்காளியோடு சேர்த்து அரைத்த சல்சா என்ற துவையலில் அது இருந்தது. பிறகு மெக்சிகோவில் ஒரு பண்ணையின் செரானோ என்ற வேறு வகை மிளகாயிலும் பாசன நீரிலும் அதே ரகக் கிருமி கிடைத்தது.

புது நோயாளி ஒவ்வொருவர் சேரும்போதும் நான்காம் படியை மறுபடி போடுங்கள். உண்மையான காரணம் என்றால் பெரும்பாலும் எண் இன்னும் சிறியதாகிக்கொண்டே போகும்.