பிஎஸ்4 (ப்ளேஸ்டேஷன் 4) ஸ்லோவா இழுக்குதா? கேச் க்ளியர் பண்றதும் டேட்டாபேஸ் ரீபில்ட் பண்றதும் எப்படின்னு பாருங்க

ஹோம் ஸ்க்ரீன்ல ஒரு கேம்ல இருந்து அடுத்த கேமுக்கு நகரவே திக்குது, லைப்ரரிய ஓப்பன் பண்ணா சுத்திக்கிட்டே இருக்கு, செட்டிங்ஸ் அமுக்குனா கொஞ்ச நேரம் கழிச்சுதான் வருதுன்னா, பாக்ஸ் போச்சுன்னு நினைச்சு வித்துடாதீங்க. பிஎஸ்4 வந்தது 2013ல, உள்ள இருக்கறது 5400 ஆர்பிஎம்ல சுத்தற சாதாரண லேப்டாப் ஹார்ட் டிஸ்க். அதுல வருஷக்கணக்கா கேம் ஏத்தி, அழிச்சு, பேட்ச் (கேமுக்கு வர்ற அப்டேட்) போட்டு, க்ளிப் சேவ் பண்ணி, நடுவுல கரண்ட் போய் பாதில ஆஃப் ஆகின்னு எல்லாம் நடந்திருக்கும், எந்த ஃபைல் எங்க இருக்குன்னு குறிச்சு வைக்கிற டேட்டாபேஸே குழம்பிப் போயிருக்கும். அதை சரி பண்ண சர்வீஸ் கடைக்கு போக வேண்டியதில்ல, வீட்லயே பண்ணலாம், கேமும் போகாது சேவும் போகாது, ஆனா எந்த ஆப்ஷன அமுக்கறோம்னு தெரிஞ்சு அமுக்கணும்.

முதல்ல எது ஸ்லோன்னு பாருங்க. டவுன்லோடும் ஆன்லைன் மேட்சும் மட்டும் இழுக்குதுன்னா அது நெட் பிரச்சனை, கேச் (மெஷின் தற்காலிகமா சேத்து வைக்கிற டேட்டா) க்ளியர் பண்ணி ஒண்ணும் ஆகப்போறதில்ல. ஒரே ஒரு கேம் மட்டும் படுத்துதுன்னா அந்த கேம மட்டும் டிலீட் பண்ணிட்டு திரும்ப இன்ஸ்டால் பண்ணுங்க, பிஎஸ்4ல சேவ் டேட்டா தனியா இருக்கும், கேம அழிச்சா அது அழியாது. ஆரம்பத்துல நல்லா ஓடி, கொஞ்ச நேரம் கழிச்சு ஃபேன் கத்த ஆரம்பிச்சு அப்புறம் திக்குதுன்னா அது சூடு, தூசி தட்டணும். மெனுவே இழுக்குது, எல்லா கேமும் இழுக்குதுன்னாதான் கீழ சொல்றது உங்களுக்கு.

போன்ல இருக்கற மாதிரி செட்டிங்ஸ்ல போய் ‘க்ளியர் கேச்’னு ஒரு பட்டன் பிஎஸ்4ல கிடையாது, தேடாதீங்க. முதல் வேலை முழுசா ஆஃப் பண்றது. நிறைய பேர் மாசக்கணக்கா ரெஸ்ட் மோட்லயே போட்டு வச்சிருப்பாங்க, ஆரஞ்சு லைட் எரியுதுன்னா அது ஆஃப் இல்ல, தூங்குது அவ்ளோதான். கன்ட்ரோலர்ல பிஎஸ் பட்டன அமுக்கிப் பிடிச்சா வர்ற மெனுல பவர் போய் ‘டர்ன் ஆஃப் பிஎஸ்4’ குடுங்க. லைட் மினுக்கி மினுக்கி அணையும், முழுசா அணைஞ்ச அப்புறம்தான் ப்ளக்க பிடுங்கணும், மினுக்கும்போது பிடுங்கினா இருக்கற குழப்பத்த நீங்களே அதிகமாக்கறீங்க. ஒரு நிமிஷம் விட்டுட்டு திரும்ப சொருகி ஆன் பண்ணுங்க. இது ரேம்ல (மெஷின் ஓடும்போது மட்டும் பயன்படற தற்காலிக மெமரி) தேங்கி நிக்கறத மட்டும்தான் துடைக்கும், ஹார்ட் டிஸ்க்ல இருக்கறத தொடாது, ஆனா சின்ன திணறலுக்கெல்லாம் இதுவே போதும்.

அடுத்தது இடம். செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் போய் சிஸ்டம் ஸ்டோரேஜ்ல எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பாருங்க. 500 ஜிபி மாடல்ல முழுசா 500 உங்களுக்கு கிடைக்காது, சிஸ்டமே ஒரு பங்க எடுத்துக்கும், மிச்சத்துல பெரிய கேம் நாலஞ்சு போட்டாலே மூச்சு முட்டும். இதுல இன்னொண்ணு, பேட்ச் வரும்போது பிஎஸ்4 கேமோட காப்பி ஒண்ணு போட்டு வேலை செய்யும், அதான் டவுன்லோட் முடிஞ்சும் ‘காப்பியிங்’னு ரொம்ப நேரம் நிக்குது, சின்ன பேட்ச்சுக்கு கூட கேம் சைஸ் அளவுக்கு காலி இடம் கேக்குது. அதனால விளையாடாத கேம தயங்காம அழிங்க, வாங்குன டிஜிட்டல் கேம்னா லைப்ரரில இருக்கும், எப்ப வேணா திரும்ப எறக்கிக்கலாம். கேப்சர் கேலரிக்குள்ளயும் எட்டிப் பாருங்க, ஷேர் பட்டன் தெரியாம பட்டு சேவ் ஆன 15 நிமிஷ க்ளிப்பெல்லாம் அங்க குவிஞ்சு கிடக்கும், வேணுங்கறத யூஎஸ்பில காப்பி பண்ணிட்டு மிச்சத்த ஆப்ஷன்ஸ் பட்டன் அமுக்கி மொத்தமா டிக் பண்ணி தூக்கிடுங்க. அதே லிஸ்ட்ல ‘சேவ்ட் டேட்டா’ன்னும் ஒண்ணு இருக்கும், இடம் வேணும்னு அதுல மட்டும் கை வைக்காதீங்க, அது ரொம்ப கொஞ்சமான இடம்தான் எடுக்கும், ஆனா போனா உங்க நூறு மணி நேர உழைப்பும் போச்சு.

இப்போ முக்கியமான வேலைக்கு வரலாம், ரீபில்ட் டேட்டாபேஸ். இது சேவ அழிக்காதுதான், ஆனாலும் டிஸ்க்க முழுசா துருவற வேலை, வயசான டிஸ்க் எப்ப காலை வாரும்னு சொல்ல முடியாது, அதனால முதல்ல பேக்கப். செட்டிங்ஸ்ல ‘அப்ளிகேஷன் சேவ்ட் டேட்டா மேனேஜ்மென்ட்’ போய் சிஸ்டம் ஸ்டோரேஜ்ல இருக்கற சேவ யூஎஸ்பிக்கு காப்பி பண்ணுங்க, பென் டிரைவ் எக்ஸ்ஃபேட்லயோ ஃபேட்32லயோ ஃபார்மேட் ஆகியிருக்கணும். பிஎஸ் ப்ளஸ் (சோனியோட கட்டண சந்தா) இருந்தா க்ளவுட்லயும் ஏத்திடுங்க.

அப்புறம் பாக்ஸ முன்ன சொன்ன மாதிரி முழுசா ஆஃப் பண்ணுங்க. பாக்ஸ்ல இருக்கற பவர் பட்டன (கன்ட்ரோலர்ல இல்ல) அமுக்கிப் பிடிச்சுக்கோங்க, உடனே ஒரு பீப் வரும், விடாதீங்க, சுமார் 7 செகண்ட் கழிச்சு ரெண்டாவது பீப் வரும், அப்போ விடுங்க. சேஃப் மோட், அதாவது ரிப்பேர் ஆப்ஷன் மட்டும் இருக்கற மெனு, ஓப்பன் ஆகும். கன்ட்ரோலர யூஎஸ்பி கேபிள்ல கனெக்ட் பண்ணி பிஎஸ் பட்டன் அமுக்கணும், ப்ளூடூத் இங்க வேலை செய்யாது. கேபிள் போட்டும் கன்ட்ரோலர் எடுக்கலேன்னா கேபிள மாத்துங்க, போன் சார்ஜர் கேபிள்ல பல கேபிள் சார்ஜ் மட்டும்தான் ஏத்தும், டேட்டா போகாது. லிஸ்ட்ல அஞ்சாவதா ‘ரீபில்ட் டேட்டாபேஸ்’னு இருக்கும், அதை செலக்ட் பண்ணி ஓகே குடுங்க. டிஸ்க்ல இருக்கற எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி புதுசா ஒரு டேட்டாபேஸ் எழுதும். சில பேருக்கு கொஞ்ச நிமிஷத்துல முடியும், டிஸ்க் ரொம்பி கிடந்தா மணிக்கணக்குல போகும், பாதில நின்ன மாதிரி தெரிஞ்சாலும் ப்ளக்க பிடுங்காதீங்க. கரண்ட் கட் ஆகற ஏரியான்னா யூபிஎஸ்ல போட்டு பண்ணுங்க, இல்லன்னா கரண்ட் நிக்கும்னு நம்பிக்கையான நேரமா பாத்து ஆரம்பிங்க. முடிஞ்சு ஹோம் ஸ்க்ரீன் வந்ததும் கேம் வரிசை மாறி இருக்கலாம், அதுக்கு பயப்படாதீங்க.

தயவு செஞ்சு இத கவனிங்க: அதே லிஸ்ட்ல ஆறாவதும் ஏழாவதும் ‘இனிஷியலைஸ்’னு இருக்கும், ரெண்டும் பாக்ஸ மொத்தமா காலி பண்ணிடும், கேம், சேவ், அக்கவுண்ட் எதுவும் மிஞ்சாது. ரீபில்டுக்கு ஒரு படி கீழதான் இது இருக்கு, அவசரத்துல கர்சர் இறங்கிடும், அதனால நம்பர நம்பாம பேர படிச்சுட்டு அமுக்குங்க.

பிஎஸ்5 வச்சிருக்கவங்களுக்கு வேலை இன்னும் சுலபம். சேஃப் மோடுக்கு போற வழி அதேதான், உள்ள ‘க்ளியர் கேச் அண்ட் ரீபில்ட் டேட்டாபேஸ்’னு இருக்கும், அதுக்குள்ள போனா ரெண்டும் தனித்தனியா வரும். முதல்ல ‘க்ளியர் சிஸ்டம் சாஃப்ட்வேர் கேச்’ பண்ணிப் பாருங்க, அதுல தீரலேன்னா மட்டும் ரீபில்ட். ஆனா பிஎஸ்5 கேம் சேவ தனியா யூஎஸ்பில காப்பி பண்ண முடியாது, பிஎஸ் ப்ளஸ் க்ளவுட் வேணும், இல்லன்னா செட்டிங்ஸ்ல இருந்து முழு சிஸ்டத்தையும் யூஎஸ்பி டிரைவுக்கு பேக்கப் எடுக்கணும்.

எக்ஸ்பாக்ஸ்லயும் தனி பட்டன் இல்ல. பாக்ஸ்ல இருக்கற பவர் பட்டன 10 செகண்ட் அமுக்கிப் பிடிச்சு ஆஃப் பண்ணிட்டு, ப்ளக்க பிடுங்கி கொஞ்ச நேரம் விட்டு திரும்ப போடுங்க, அவ்ளோதான். சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ்ல க்விக் ரெஸ்யூம்ல பாதில நிக்கற கேம் ஏதாவது மக்கர் பண்ணுதுன்னா அதை குவிட் குடுத்து புதுசா ஸ்டார்ட் பண்ணுங்க. ஸ்டோரேஜ் மெனுல ‘க்ளியர் லோக்கல் சேவ்ட் கேம்ஸ்’னு ஒண்ணு பாப்பீங்க, அதை கேச்னு நினைச்சு அமுக்கிடாதீங்க, க்ளவுட்ல சிங்க் ஆகாத சேவ் இருந்தா திரும்ப வராது.

நின்டென்டோ ஸ்விட்ச்ல சிஸ்டம் செட்டிங்ஸ், சிஸ்டம், ஃபார்மேட்டிங் ஆப்ஷன்ஸ்ல ‘ரீசெட் கேச்’ இருக்கு, ஆனா அது அழிக்கறது பிரவுசர் குக்கி, சேவ் ஆன பாஸ்வேர்ட் மாதிரி விஷயங்கள, அதனால கேம் வேகமாகும்னு எதிர்பாக்காதீங்க. பவர் பட்டன 3 செகண்ட் பிடிச்சு ரீஸ்டார்ட் பண்றதுதான் அதுல பலன் குடுக்கும், எப்பவும் ஸ்லீப்லயே கிடக்கற மெஷின் அது.

பிஎஸ்4ல இவ்ளோவும் பண்ணி ஒரு வாரத்துல திரும்ப அதே இழுவைன்னா, இல்ல உள்ள இருந்து டிக் டிக்னு சத்தம் வருதுன்னா, ஹார்ட் டிஸ்க்கே போகப்போகுதுன்னு அர்த்தம். மாத்தறது கஷ்டம் இல்ல, 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, 9.5 எம்எம்க்கு மேல தடிமன் இல்லாம பாத்து வாங்குங்க, லோடிங் நேரமும் நல்லா குறையும். புது டிஸ்க் காலியா இருக்கும்ங்கறதால சோனி சைட்ல வழக்கமான அப்டேட் ஃபைல எடுக்காம, ரீஇன்ஸ்டால் பண்றதுக்குன்னு தனியா இருக்கற பெரிய ஃபைல எறக்கணும். பென் டிரைவ்ல ‘பிஎஸ்4’னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ‘அப்டேட்’னு ஒரு ஃபோல்டர், ரெண்டு ஃபோல்டர் பேரும் இங்கிலீஷ் பெரிய எழுத்துல, அதுக்குள்ள அந்த ஃபைல போட்டு சேஃப் மோட்ல ஏழாவது ஆப்ஷன குடுங்க. மேல தொடவே வேண்டாம்னு சொன்ன அந்த ஆப்ஷன் இந்த ஒரு வேலைக்குத்தான். சிஸ்டம் ஏறினதும் யூஎஸ்பில வச்ச சேவ திரும்ப காப்பி பண்ணிக்கலாம்.