பிடிஎஃப் படம் போட்டதெல்லாம் பிடிஎஃப் ஆகாது

மெயிலில் "இன்வாய்ஸ்.பிடிஎஃப்" என்று ஒரு ஃபைல் வருகிறது. பக்கத்திலேயே பிடிஎஃப்புக்கு உரிய சிவப்பு ஐகான். டபுள் கிளிக் செய்தால் ஒன்றும் திறப்பதில்லை. ஃபைல் கெட்டுப்போயிருக்கும் என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அதற்குள் அது தன் வேலையை முடித்திருக்கும்.

அதன் முழுப்பெயர் "இன்வாய்ஸ்.பிடிஎஃப்.எக்ஸ்இ". எக்ஸ்இ என்றால் கணினியில் ஓடக்கூடிய நிரல். தனக்குத் தெரிந்த ஃபைல் வகைகளின் எக்ஸ்டென்ஷனை, அதாவது பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பிறகு வருவதை, விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடும். டபுள் கிளிக் செய்தால் என்ன நடக்கும் என்பதைத் தீர்மானிப்பதோ அந்தக் கடைசித் துண்டுதான். ஐகானை நம்பவே கூடாது. எக்ஸ்இ ஃபைலை உருவாக்குபவர் தனக்குப் பிடித்த எந்தப் படத்தையும் அதற்கு வைத்துக்கொள்ளலாம். 2000 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய "ஐ லவ் யூ" வைரஸும் இப்படித்தான் வந்தது. காதல் கடிதம் என்ற பெயரில் வந்த அந்த ஃபைலின் முடிவில் "டிஎக்ஸ்டி.விபிஎஸ்" என்று இருந்தது. பலர் கண்ணில் பட்டது வெறும் எழுத்து ஃபைலைக் குறிக்கும் டிஎக்ஸ்டி மட்டும்.

அதனால் முதல் வேலையாக எக்ஸ்டென்ஷன் தெரியும்படி செய்துவிடுங்கள். விண்டோஸ் 11 என்றால் ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ். எக்ஸ்இ, எம்எஸ்ஐ, எஸ்சிஆர், பேட், விபிஎஸ், ஜேஎஸ் என்று முடிந்தால் அது நிரல். படிப்பதற்கான ஆவணம் அல்ல. இன்னொரு ஃபைலையோ நிரலையோ திறக்கும் ஷார்ட்கட் ஃபைலின் எல்என்கே மட்டும் இதற்குப் பிறகும் தெரியாது. ஐகானின் மூலையில் சின்ன அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ அனுப்பிய ஜிப்புக்குள், அதாவது பல ஃபைல்களைச் சுருக்கிக் கட்டிய பொட்டலத்துக்குள், ஷார்ட்கட் இருக்க நியாயமே இல்லை.

அப்புறம், பாஸ்வேர்டு போட்ட ஜிப். பாஸ்வேர்டும் அதே மெயிலில் இருக்கும். பூட்டையும் சாவியையும் சேர்த்தே அனுப்புவதில் என்ன பாதுகாப்பு? ஆன்டிவைரஸ் உள்ளே பார்க்க முடியாமல் போக வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

வேர்டு, எக்செல் ஃபைல்களில் "எனேபிள் கன்டென்ட்" பட்டனை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். இணையத்திலிருந்து வரும் ஃபைல்களின் மேக்ரோக்களை, அதாவது ஆவணத்துக்குள் இருக்கும் குட்டி நிரல்களை, 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கிறது. அந்தத் தடையை எடுப்பது எப்படி என்று ஒரு ஃபைலே உங்களுக்குப் பாடம் எடுத்தால் உடனே மூடிவிடுங்கள்.

மெயிலோடு வரும் எச்டிஎம்எல் ஃபைல், அதாவது இணையப் பக்கமாகக் காட்டப்படும் ஃபைல், பிரவுசரில் திறந்து, உங்கள் மெயிலின் லாகின் பக்கம் போலவே காட்டும். முகவரிப் பட்டையில் இணையதளத்தின் பெயருக்குப் பதில் உங்கள் கணினியிலுள்ள ஃபோல்டரின் பாதை இருக்கும். அங்கே தட்டும் பாஸ்வேர்டு நேராக மோசடிக்காரர் கைக்குப் போகும்.

இப்போது இன்னொரு வகை பரவியிருக்கிறது. என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான், ஏனென்றால் இதில் சந்தேகப்படுவதற்கு ஃபைலே கிடையாது. "நீங்கள் மனிதர்தான் என்று உறுதிப்படுத்துங்கள்" என்று ஒரு பக்கம் கேட்கும். விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று படிப்படியாகச் சொல்லும். நீங்கள் எதையும் காப்பி செய்திருக்க மாட்டீர்கள். அந்தப் பக்கமே ஒரு கட்டளையைக் கிளிப்போர்டில், அதாவது காப்பி செய்தது தங்கும் இடத்தில், வைத்திருக்கும். என்டர் தட்டியதும் அது உங்கள் கையாலேயே ஓடும். உண்மையான கேப்சா எதுவும் பிரவுசருக்கு வெளியே போகச் சொல்லாது.

இதற்காக எல்லா ஃபைலுக்கும் பயப்படத் தேவையில்லை. ஜேபிஜி, எம்பி3 எல்லாம் தானாக ஓடக்கூடியவை அல்ல. அவற்றைத் திறக்கும் மென்பொருளை அப்டேட்டாக வைத்திருந்தால் பெரும்பாலும் போதும்.

சரி, தெரியாமல் கிளிக் செய்துவிட்டீர்களா? உடனே இணையத்தைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள், முதலில் மெயிலுக்கு. "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்ற வசதியையும் பயன்படுத்துங்கள். நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்தவர் என்று காட்டும், பிரவுசரில் சேமிக்கப்பட்ட லாகின் குக்கீ திருடுபோயிருந்தால், பாஸ்வேர்டு தெரியாமலேயே உங்கள் கணக்குக்குள் அவர்கள் இருக்க முடியும்.