பந்தி முடிந்து வந்தபோது செத்துக் கிடந்த பேட்டரி

கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்ததும் மண்டபத்தை மேலிருந்து ஒரு சுற்று எடுத்துவிட்டு ட்ரோனை இறக்கினேன். கால்வாசி சார்ஜ் மிச்சம் இருந்தது. அடுத்த ஷாட்டுக்கு ஆகும் என்று பேட்டரியைக் கழற்றாமல் பந்திக்குப் போய்விட்டேன். சாப்பாடு, வெற்றிலை, பெண்வீட்டாரோடு பேச்சு என்று இரண்டரை மணி நேரம் ஓடிவிட்டது. திரும்பி வந்தபோது உதவிக்கு இருந்த தம்பி, "அண்ணே, லைட்டே எரியலண்ணே" என்றான்.

நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய ட்ரோன் அது. பேட்டரி மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்), 2200 மில்லி ஆம்பியர் மணி. இறக்கை சுற்றாவிட்டாலும் உள்ளே இருக்கும் போர்டும் வீடியோ அனுப்பும் கருவியும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். அன்று ராத்திரி சார்ஜரில் போட்டேன். மின்னழுத்தம் குறைவு என்று சொல்லி ஏற்ற மறுத்துவிட்டது. அந்த பேட்டரியை எழுப்பியதையும், எழுப்பிய பிறகு அதை எவ்வளவு தூரம் நம்பினேன் என்பதையும் எழுதுகிறேன். எழுப்புவது சுலபம், நம்பலாமா என்று முடிவு செய்வதுதான் வேலை.

முதலில் மீட்டரைத் தொடாதீர்கள். கண்ணும் மூக்கும் போதும். பேட்டரியைத் தரை ஓட்டின் மேல் படுக்க வையுங்கள். ஆடுகிறதா? நடுவில் பூரி போல உப்பியிருக்கிறதா? மூலை நசுங்கியிருக்கிறதா? நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தால் வருமே, அதுபோல ஒரு இனிப்பு நெடி வருகிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அந்த பேட்டரியை எழுப்பக் கூடாது. விலை எவ்வளவாக இருந்தாலும் சரி.

அடுத்து மல்டிமீட்டர். தடித்த ஒயர் இரண்டிலும் மொத்தத்தை அளந்தால் பாதி உண்மைதான் தெரியும். பக்கத்தில் ஒல்லியான நான்கு ஒயர்கள் சேர்ந்த வெள்ளை பிளக் இருக்கும், அதுதான் செல்களைத் தனித்தனியாகப் பார்த்துச் சமப்படுத்த உதவும் பேலன்ஸ் பிளக். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒன்றாவது முள்ளுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே என்று தனித்தனியாக அளக்க வேண்டும். மீட்டரின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் பொறி பறக்கும். நான் முனைகளில் நுனியை மட்டும் விட்டுவிட்டு மீதியில் டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

அன்று வந்த அளவு 2.81, 2.76, 2.63. முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட் காட்டும். பறக்கும்போது 3.5 பக்கம் வந்ததும் இறக்கிவிடுவது நல்ல பழக்கம். 3-க்குக் கீழே போனால் செல்லுக்குக் கேடு ஆரம்பம். 2.5-க்கு மேல் நின்று, அந்த நிலையில் சில மணி நேரமே கிடந்திருந்தால் நான் முயற்சி செய்வேன். 2-க்கும் 2.5-க்கும் நடுவே என்றால் எழுப்பத் தெரியும், ஆனால் மறுபடி பறக்கவிட மாட்டேன் என்பதால் மெனக்கெடுவதில்லை. 2-க்குக் கீழே ஒரே ஒரு செல் போயிருந்தாலும் கதை முடிந்தது.

காரணம் இதுதான். செல்லுக்குள் மைனஸ் முனைப் பக்கம் கிராஃபைட்டைத் தாங்கி நிற்பது மெல்லிய செப்புத் தகடு. மின்னழுத்தம் ரொம்பக் கீழே போய் அப்படியே கிடந்தால் அந்தச் செம்பு மெல்லக் கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு வேறெங்காவது போய்ப் படியும். படிந்தது ஊசி போல வளர்ந்து, இரண்டு முனைகளையும் பிரித்து வைக்கும் மெல்லிய படலத்தைத் துளைத்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட். இன்றைக்கே ஆக வேண்டும் என்றில்லை, பத்து சார்ஜ் தாண்டியும் நடக்கலாம். அதனால் எவ்வளவு கீழே போனது என்பதோடு எத்தனை நாள் அப்படிக் கிடந்தது என்பதையும் பாருங்கள்.

சரி, எழுப்பும் முறைக்கு வருவோம். இடம் முக்கியம். மொட்டை மாடியிலோ முற்றத்திலோ நிழலான சிமெண்ட் தரை. பக்கத்தில் திரைச்சீலை, மெத்தை, பெட்ரோல் வண்டி எதுவும் வேண்டாம். பேட்டரியை ஒரு பெரிய மண்சட்டியில் வைத்து, கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் வைத்துக்கொள்ளுங்கள். புகை கிளம்பினால் அந்தப் புகையைச் சுவாசிக்கவே கூடாது, அதில் விஷ வாயு உண்டு. தூரத்தில் இருந்தபடி மணலைக் கொட்ட முடிந்தால் கொட்டிவிட்டு விலகிவிடுங்கள்.

உங்கள் சார்ஜரிலேயே குறைந்த மின்னழுத்த லிப்போவை மெல்ல ஏற்றும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். என்னிடம் இருந்த பி6 என்ற மாடல் சார்ஜரில் இல்லை. அதனால் நிக்கல் பேட்டரிக்கான முறையில் வைத்து, மிகக் குறைந்த அளவான 0.1 ஆம்பியரில், தடித்த ஒயரை மட்டும் இணைத்தேன். பேலன்ஸ் பிளக் வெளியே, என் மீட்டருக்காக. இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நிக்கல் முறையில் சார்ஜருக்கு லிப்போவின் எல்லை தெரியாது. நாம் நிறுத்தாவிட்டால் அதுபாட்டுக்கு ஏற்றிக்கொண்டே போய்த் தீயில் முடியும். அதனால் இந்த நேரத்தில் போன் எடுக்கக் கூடாது, டீ குடிக்கப் போகக் கூடாது. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஒரு தரம் மூன்று செல்லையும் அளந்து ஒரு தாளில் எழுதினேன். ஐந்தாவது நிமிடத்தில் கடைசிச் செல் 2.84. பதினெட்டாவது நிமிடத்தில் மூன்றும் 3-ஐத் தாண்டின. உடனே நிறுத்தினேன். அரை மணிக்குள் 3-ஐத் தொடாத செல்லுக்கு நான் மேலே காத்திருப்பதில்லை. இடையில் பேட்டரி லேசாக வெதுவெதுப்பானாலும் அதோடு நிறுத்திவிட வேண்டும். இத்தனை குறைந்த மின்சாரத்தில் நல்ல செல் சூடாகாது.

அப்புறம் பேலன்ஸ் பிளக்கையும் இணைத்து, லிப்போ பேலன்ஸ் முறைக்கு மாற்றி, 0.2 ஆம்பியரில் 3.5 வரை, அதன் பிறகு 1 ஆம்பியரில் 4.2 வரை. மொத்தம் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவு நேரமும் பக்கத்திலேயே இருந்தேன்.

இத்தோடு பேட்டரி பிழைத்துவிட்டது என்று பலரும் பறக்கவிட்டு விடுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கீழே குழந்தைகள் ஓடும் மண்டபம் அது. முழுச் சார்ஜோடு அதே மண்சட்டியில் இரண்டு நாள் விட்டேன். திரும்ப அளந்தபோது 4.19, 4.19, 4.16. முதல் இரண்டும் நல்ல செல்கள். மூன்றாவது மட்டும் சார்ஜைக் கொஞ்சம் கூடுதலாக இழக்கிறது. 0.05-க்கு மேல் இறங்கியிருந்தால் அங்கேயே கைவிட்டிருப்பேன். அடுத்து உள்தடை, அதாவது செல்லே தன் மின்சாரத்துக்குக் கொடுக்கும் தடை. புதிதாக வாங்கியபோது அளந்து பேட்டரி மேலேயே டேப் ஒட்டி எழுதியிருந்தேன்: 7, 7, 8 மில்லி ஓம். இப்போது 9, 10, 14. ஒரு செல் மட்டும் இப்படித் தனியாகத் தூக்கி நின்றால், பறக்கும்போது அதுதான் முதலில் சரியும். பிறகு சார்ஜரிலேயே சார்ஜை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றி, எத்தனை மில்லி ஆம்பியர் மணி போகிறது என்று பார்த்தேன். இறக்குவதற்கு 5 வாட் திறன்தான் என்பதால் பாதி நாள் எடுத்துக்கொண்டது. ஏறியது 1840. எண்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்.

எண்களைப் பார்த்தால் தேறிவிட்டது. ஆனாலும் மூன்றாவது செல்லை வைத்து அதைத் தரைக்கு மாற்றினேன். இன்றைக்கு அது நான் வீடியோ பார்க்கும் மானிட்டரை ஓட்டுகிறது. செல்கள் மூன்றும் ஒரே சீராக வந்திருந்தால் ஆள் இல்லாத வயல் மேல், இரண்டு மீட்டர் உயரத்தில், ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்த்திருப்பேன். ஜனங்களின் தலைக்கு மேல் அப்போதும் விட மாட்டேன்.

மடக்கு ட்ரோன்களில் வரும் ஸ்மார்ட் பேட்டரி வேறு வகை. உள்ளே காவல் போர்டு இருக்கும். ரொம்ப வற்றினால் அதுவே உறங்கிவிடும், பட்டனை அழுத்தினாலும் லைட் வராது. அதற்குரிய சார்ஜரில் அரை மணி விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். விழிக்காவிட்டால் கூட்டைப் பிளந்து செல்லுக்கு நேராக மின்சாரம் கொடுக்கும் வேலை வேண்டாம். அந்த போர்டு கதவைச் சாத்தியது ஏதோ ஒரு பழுதைப் பார்த்துத்தான் இருக்கும்.

என்னிடம் 2 வோல்ட்டுக்கும் கீழே போய் அடியோடு செத்தது இன்னொரு லிப்போ, ஓர் ஆடி மாதத்தில். முகூர்த்தம் இல்லாததால் பெட்டியைத் திறக்கவே இல்லை. மின்னழுத்தக் குறைவு காட்டும் குட்டி அலாரத்தை அந்த பேட்டரியில் மாட்டியபடியே வைத்துவிட்டேன். ஆவணி முதல் வாரம் எடுத்தபோது 0.9, 1.6, 1.4. மேலாக்கப் பார்த்தால் புதுசு போலத்தான் இருந்தது. மிச்சம் இருந்ததையும் வடித்துவிட, மாடியில் வைத்து வண்டி இண்டிகேட்டர் பல்பு ஒன்றை மாட்டினேன். இழை சிவக்கக்கூட இல்லை. இரண்டு நாள் கழித்து மீட்டர் பூஜ்யம் காட்டியதும் ஒயர் முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி, மின்னணுக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்தேன். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தருகிறவரிடம் போட்டுவிடாதீர்கள். அவர் அதைச் சுத்தியலால் உடைப்பார். இப்போது ஆடி பிறக்கும் முன் எல்லா பேட்டரியையும் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி, அலாரத்தைக் கழற்றி வேறு டப்பாவில் போட்டுவிடுகிறேன்.