பில்ட்ரூட்டில் கெர்னல் பதிப்பை நாமே தீர்மானிப்பது

திருகோணமலை உட்துறைமுகக் கரையில் நீர்மட்டத்தைப் பதிவுசெய்யும் சிறு கருவி ஒன்றை நண்பர்களுடன் சேர்ந்து அமைத்து வருகிறேன். உப்புக்காற்றில் நிற்கும் பெட்டி. மார்கழி மழையில் அதைத் திறக்கவே முடியாது. ஆகவே உள்ளே ஓடும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எந்தப் பதிப்பு என்று மூடும் முன்பே உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் பலகை, பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினி. அதற்கான லினக்ஸை மூலக் கோப்புகளிலிருந்து பில்ட்ரூட் என்ற மென்பொருள் கட்டித் தருகிறது.

படி 1: கெர்னல் பதிப்பு வரிசையைத் தேர்ந்தெடுங்கள். நீண்டகால ஆதரவு பெறும் வரிசைகளில் 6.1 வெளிவந்தது 2022 டிசம்பரில், 6.6 வெளிவந்தது 2023 அக்டோபரில், 6.12 வெளிவந்தது 2024 நவம்பரில். 6.6.30 என்பதில் கடைசி எண் திருத்தங்களைக் குறிக்கும். அது எவ்வளவு கூடினாலும் வரிசை மாறாது. உங்கள் வரிசையில் ஆகப் புதிய திருத்தத்தை எடுங்கள். இங்கே உதாரணத்துக்கு 6.6.30.

படி 2: பீகிள்போனுக்கான டெஃப்கான்ஃபிக் கோப்பை (பில்ட்ரூட்டின் ஆயத்தத் தேர்வுகள் அடங்கியது) உங்கள் சொந்தப் பெயரில் நகலெடுத்து, அதிலிருந்து தொடங்குங்கள். பிறகு 'மேக் மெனுகான்ஃபிக்' கொடுத்து, 'கெர்னல்' பகுதியில் 'கெர்னல் வெர்ஷன்' என்பதைத் திறக்கவும். அங்கே 'லேட்டஸ்ட் வெர்ஷன்' கண்ணைக் கவரும். அதைத் தொடாதீர்கள். பில்ட்ரூட்டைப் புதுப்பிக்கும் நாளில் கெர்னலும் உங்களைக் கேட்காமலே மாறிவிடும். 'கஸ்டம் வெர்ஷன்' எடுத்து, எண்ணை முழுமையாகத் தட்டச்சு செய்யுங்கள்.

படி 3: பலர் தடுக்கி விழும் இடம் இது. 'டூல்செயின்' (கட்டுமானக் கருவிகள்) பகுதியில் கெர்னல் ஹெடர்களை, அதாவது நிரல்கள் கெர்னலோடு பேசுவதற்கான வரையறைக் கோப்புகளை, கட்டப்படும் கெர்னலுக்கு உரியவையாகவே வையுங்கள். உடனே ஹெடர் வரிசையையும் கேட்கும், 6.6 என்று சொல்லுங்கள். வேறு வரிசையைச் சொன்னால் கட்டுமானம் பிழை காட்டி நின்றுவிடும். அது நல்லதே, மேசையிலேயே தெரிந்துவிடுகிறது.

தெரியாமல் போகும் வழியும் உண்டு. ஒருமுறை புதிய கோப்பு முறைமையை மட்டும் மெமரி கார்டில் எழுதிவிட்டு, பழைய 6.1 கெர்னலை அப்படியே விட்டுவிட்டேன். ஜிலிப்சி (நிரல்கள் எல்லாம் நம்பியிருக்கும் அடிப்படை சி நூலகம்) பழையதாக இருந்தால் திரையில் 'ஃபேட்டல்: கெர்னல் டூ ஓல்ட்' என்று ஒரு வரி வந்து, அடுத்த கணம் கெர்னல் பேனிக் ஆகி எல்லாம் நின்றுவிடும்; 2.37 முதல் அந்தச் சோதனை நீக்கப்பட்டுவிட்டதால், எச்சரிக்கை எதுவும் வராது. அப்படி விடக் கூடாததற்குக் காரணம் இதுதான்: ஜிலிப்சியைக் கட்டும்போது, ஹெடரின் பதிப்பையே தான் ஏற்கும் மிகப் பழைய கெர்னலாக பில்ட்ரூட் அதற்குச் சொல்லிவிடுகிறது. ஓடும் கெர்னல் ஹெடரைவிடப் புதியதாக இருக்கலாம். பழையதாக இருக்கக் கூடாது.

படி 4: 6.1 இலிருந்து 6.6 க்கு வருபவர்கள் டிவைஸ் ட்ரீ (பலகையில் என்னென்ன வன்பொருள் உண்டு என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) பெயரையும் திருத்த வேண்டும். 6.5 இல் 32 பிட் ஆர்ம் கோப்புகள் நிறுவனவாரியான அடைவுகளுக்குள் போய்விட்டன. எனவே பீகிள்போன் கோப்புகளின் பெயர்களுக்கு முன்னால் 'டிஐ/ஓமாப்/' என்ற பாதையைச் சேர்க்க வேண்டும். இது தெரியாமல் ஓர் இரவு முழுவதும் கோப்பைக் காணவில்லை என்ற பிழையோடு உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு அது வேண்டாம்.

படி 5: 'மேக் கிளீன்', பிறகு 'மேக்'. முழுதும் புதிதாகக் கட்ட நேரம் பிடிக்கும் என்று கிளீனைத் தவிர்க்காதீர்கள். தவிர்த்தால் பழைய பதிப்பின் மாட்யூல்களும் (கெர்னல் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் துண்டுகள்) புதியதன் பக்கத்திலேயே தங்கிவிடும். இறக்கிய மூலக் கோப்புகள் 'டிஎல்' அடைவில் பத்திரமாக இருக்கும், டேட்டா மறுபடி செலவாகாது. எல்லாம் சரியாக ஓடியதும் 'மேக் சேவ்டெஃப்கான்ஃபிக்' கொடுத்துத் தேர்வுகளைச் சேமியுங்கள்.

கெர்னல், டிவைஸ் ட்ரீ, கோப்பு முறைமை மூன்றையும் ஒன்றாகவே கார்டில் எழுதுங்கள். பலகை எழுந்ததும், ஓடும் கெர்னலின் பதிப்பைக் காட்டும் 'யுனேம் -ஆர்' கட்டளையைக் கொடுங்கள். 6.6.30 என்று வந்தால் பெட்டியின் மூடியைத் திருகிவிடலாம்.