முதல் லொறி வேலை: யாரிடம் சேர்வது?

லைசென்ஸ் கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் கேட்பது சம்பளம்தான். அதைக் கடைசியில் கேட்கலாம். முதலில் கேட்க வேண்டியது, பிழை வந்தால் காசு யார் தலையில் விழும் என்பது. பஞ்சர், பொலிஸ் தண்டம், குறைந்த மூட்டை, கிழிந்த படங்கு, ஒழுங்கைக்குள் உரசிய மதில்: ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்ளுறன்" என்பது பதில் இல்லை. மாதமுடிவில் சம்பளத்தில் வெட்டுவார்களா, எதற்கு எவ்வளவு என்று தெளிவாகச் சொல்ல வேணும்.

அதற்கும் முன்னால் உங்கள் அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள். சி1 என்றால் மொத்த நிறை 17,000 கிலோ வரைதான். அதற்கு மேற்பட்ட லொறிக்கு சி வேணும், கொள்கலன் இழுப்பதற்கு சிஇ. சி1 வைத்திருப்பவரைப் பத்துச் சில்லு டிப்பரில் ஏற்றுகிற முதலாளிமார் இருக்கிறார்கள். விபத்து நடந்தால் காப்புறுதி கைவிரிக்கும், வழக்கு உங்கள் பெயரில் வரும்.

யாழ்ப்பாணத்தில் புதியவருக்கு ஏற்ற இடம் விநியோக லொறி அல்லது ஹாட்வெயார் கடை லொறி. பகல் ஓட்டம், இரவு வீட்டில் நித்திரை, ஒழுங்கைக்குள் பின்னுக்கு எடுத்துப் பழக நாளுக்குப் பத்துச் சந்தர்ப்பம். சீமெந்து ஏற்றினால் கணக்கை நீங்களே போடுங்கள்: 50 கிலோ மூட்டை 200 ஏறினால் 10 தொன். லொறி தாங்குகிற பாரம் எவ்வளவு என்று பதிவுப் புத்தகத்தில் பார்த்து வைத்திருங்கள். கிழிந்த மூட்டையைப் புறப்பட முன்னரே பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், இறக்குகிற இடத்தில் சொன்னால் எடுபடாது.

மணல் டிப்பர் காசு காட்டும், ஆனால் முதல் வருடத்துக்கு வேண்டாம். லோட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவதால் கால் தானாக அமர்த்தும். மணல் ஏற்றும் அனுமதிப்பத்திரத்தில் உள்ள திகதி, வாகன இலக்கம், அளவு எதுவும் பொருந்தாவிட்டால் மறிபடுவது முதலாளி இல்லை, நீங்கள். இளகிய நிலத்தில் பெட்டியைத் தூக்கினால் ஒரு பக்கச் சில்லு புதைந்து லொறி சரியும். தூக்கிய பெட்டியோடு நகர்ந்தால் மின்கம்பி.

கொழும்பு ஓட்டத்துக்கு ஆள் கேட்டால் வாரத்துக்கு எத்தனை தடவை என்று கேளுங்கள். போக ஏறக்குறைய 400 கிலோமீற்றர், வரவும் அவ்வளவு. பாரத்தோடு சராசரி 40 என்றால் ஒரு பக்கம் பத்து மணித்தியாலம், போய்வர இருபது. மூன்று தடவை என்றால் ஸ்டியறிங்கில் மட்டும் 60 மணித்தியாலம். புறக்கோட்டையில் இறக்கக் காத்திருக்கும் நேரம் வேறு. மாங்குளம் தாண்டி விடியப்புறம் மாடு குறுக்கே நிற்கும்போது கண் சொக்கக்கூடாது. இரண்டாவது சாரதி இல்லாமல் மூன்று தடவை ஓடச் சொல்பவரிடம் சேராதீர்கள்.

பேச்சு முடிய லொறியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அதுவே பதில். முன் ரயர் டாக் பண்ணினதா (தேய்ந்த ரயரில் புது றப்பர் ஒட்டினதா), பின்னுக்கு இரட்டைச் சில்லின் உள்பக்க ரயர் மொட்டையா என்று குனிந்து பாருங்கள். வெளி ரயரை மட்டும் புதிதாகப் போடுவது பழைய வித்தை. ரயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆம் வாரத்தில் செய்தது. சில்லு நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் நட்டு இளகி ஓடியிருக்கிறது. காற்று பிறேக் என்றால் அமுக்கத்தை முழுதாக ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, சில்லுக்கு அணை கொடுத்துவிட்டுப் பெடலை ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். முதல் மிதியில் இறங்கிய பிறகும் அமுக்கம் காட்டுகிற முள் இன்னும் 3 பிஎஸ்ஐக்கு மேல் விழுந்தால் எங்கோ கசிவு. சின்ன லொறிகளின் எண்ணெய் பிறேக்கில் பெடல் மெல்ல மெல்ல அமிழ்ந்தால் அதே கதைதான். வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் மூன்றின் திகதியையும் அந்த இடத்திலேயே பாருங்கள்.

இனிச் சம்பளம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் செய்யுங்கள். 40,000 ரூபாவுக்குச் சேமலாப நிதி போட்டால் உங்களிடம் 8 வீதம், 3,200 பிடிப்பார்கள். முதலாளி 12 வீதம், 4,800 போட வேணும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு அவரே இன்னும் 3 வீதம், 1,200. அடிப்படையைச் சின்னதாக எழுதி மிச்சத்தைப் படி என்று தந்தால் இந்தத் தொகைகளும் சுருங்கும். "ஆறு மாதம் போகட்டும், பிறகு போடுவம்" என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள், நிதி முதல் நாளிலிருந்தே உரியது.

கடைசியாக, அந்த லொறியை முன்பு ஓடியவரைத் தேடிப் பிடியுங்கள். லொறிகள் நிற்கிற இடத்தில் ஒரு தேத்தண்ணியோடு, "ஏன் அண்ணை அங்க விட்டனீங்கள்?" என்றால் போதும். வருடத்தில் மூன்று சாரதிமார் மாறியிருந்தால் மூன்று பேரிடமும் கேளுங்கள். கிளீனர் மட்டும் பல வருடமாக அதே ஆள் என்றால் அவரிடமும் ஒரு வார்த்தை.